மூன்று பிஸ்கட் டின்னில் கிரேக்கம்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிறகு அதற்கு நேரம் கிடைக்காது. இந்தக் கதை ஒரு சலூனில் பிறந்தது. பாதி முகத்தில் நுரையோடு நான் இருந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த கொழும்புக்காரர் ஒருவர், "உங்கள் மட்டக்களப்பில் நெல்லும் தயிரும் விளையும், சரி. அகராதி விளையுமா?" என்று கேட்டார். வாயைத் திறந்தால் கத்தி படும். ஆனாலும் திறந்தேன்.

"ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தொண்டில, கிரேக்க பாஷையை வயது வாரியாப் பிரிச்சுக் குறி போட்டு அகராதி செஞ்ச மனிசன் எங்கட ஊர்க்காரன்."

"பெயர்?"

"நோபேட் வாத்தியார்."

அந்த நொடிக்கு முன்னால் அப்படி ஒருவர் உலகத்தில் இல்லை. கொழும்புக்காரர் பெயரை எழுதிக்கொண்டு, ஆதாரம் அனுப்பும்படி முகவரியும் தந்துவிட்டுப் போனார். ஆகவே எழுதுகிறேன். சொன்ன பொய்க்கு ஆதாரம் கேட்டால் மானமுள்ளவன் வேறென்ன செய்வான்?

2

மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

முதலாவது: "கிறிஸ்துவுக்கு முன் ஒரு மாரி காலத்தில், கிரேக்கக் கப்பல் ஒன்று மட்டக்களப்பு முகத்துவாரத்தில் தரை தட்டியது. மாலுமிகள் நீந்திக் கரை சேர்ந்தார்கள். அவர்கள் வாயிலிருந்த சொற்கள் வாவிக்குள் விழ, மீன்கள் அவற்றை விழுங்கி —"

வெட்டிவிட்டேன். எங்கள் வாவி மீன் பாடும் என்று நம்புகிறவர்கள்கூட, அது எந்தக் காலத்துக் கிரேக்கத்தில் பாடுகிறது என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லத்தானே இந்தக் கதையே.

இரண்டாவது: "மொழி என்பது ஒரு நதி." இதை எழுதிய கையைக் கழுவிவிட்டு வந்து வெட்டினேன்.

மூன்றாவது இது: நோபேட் வாத்தியாருக்குக் கிரேக்கம் தெரியும் என்று ஊர் முப்பது வருடமாக நம்பியது. அவரும் நம்பினார்.

இது இருக்கட்டும்.

3

வாத்தியார் மெதடிஸ்ட் சபைக்காரர். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி திரேசம்மா கத்தோலிக்கச்சி. ஞாயிறு காலையில் இருவரும் ஒன்றாகப் புறப்பட்டு, சந்தியில் பிரிந்து, அவரவர் கோயிலுக்குப் போய், அதே சந்தியில் மறுபடி சேர்ந்து வீடு திரும்புவார்கள். யார் பிந்தினாலும் மற்றவர் காத்துநிற்பார். அதில் மட்டும் சண்டை இல்லை.

வாலிபத்தில், ஊரைவிட்டுப் போகவிருந்த ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாரிடம் இரண்டு மாரி கிரேக்கம் படித்தார். புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் வாசிப்பார். பாதிரியார் விட்டுப்போன பழைய கிரேக்க அகராதி ஒன்றும் அவரிடம் இருந்தது. அதன் முதல் இருபது பக்கத்தைக் கறையான் தின்றுவிட்டது. எந்தக் குறிக்கு என்ன பொருள் என்று விளக்குகிற பக்கங்களாகப் பார்த்துத் தின்றிருந்தது.

ஓய்வு பெற்றதும் மட்டக்களப்புச் சொற்களுக்கு ஓர் அகராதி தொடங்கினார். சோதனைத் தாள்களை நாலாய் வெட்டி, பின்பக்கத்தில் ஒரு சீட்டுக்கு ஒரு சொல். முன்பக்கத்தில் மகாவலி கங்கை எங்கே கடலில் விழுகிறது என்பதற்கு யாரோ எழுதிய பிழையான விடை, பின்பக்கத்தில் வாத்தியாரின் சரியான சொல்.

அவற்றில் இருநூற்றுப் பன்னிரண்டு சொற்கள் கிரேக்கத்தில் பிறந்து, வேறு பல பாஷைகளின் வழியாக எங்கள் வாய்க்கு வந்தவை என்று கண்டார். (எண்ணிக்கை என்னுடையது. கூடுதலாகத் தெரிந்தால் குறைத்துக்கொள்ளுங்கள், கோபமில்லை.) ஒவ்வொன்றின் கடைசியிலும் "கிரேக்." என்று எழுதுவார். எழுதும்போது முதுகு ஓர் அங்குலம் நிமிரும்.

சீட்டுகளைத் திரேசம்மாவின் பிஸ்கட் டின்களில் போட்டு வைத்தார். அமிர்தகழி, சித்தாண்டிச் சைவக் கோயில் வீதிகளில் கேட்ட சொற்கள் ஒரு டின்னில். கிறிஸ்தவர்களும் பறங்கியரும் சொன்னவை ஒரு டின்னில். காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம்களின் சொற்கள் மூன்றாவதில். யாரிடம் கேட்டது என்று ஞாபகம் இருக்கவேண்டும் என்பதைத் தவிர அதில் வேறு நோக்கமில்லை. அப்போது இல்லை.

4

அகராதியை வெளியிட ஒப்புக்கொண்டது வாவிக்கரைச் சொற்சபை. சபையின் தலைவர் கனகசிங்கம் போடியார், பழுகாமத்தில் பெரிய வயற்காரர். அவருடைய முன்னுரை இல்லாமல் சபை எதையும் வெளியிடாது. சென்னையில் படித்தவர், அங்கே தடித்த அகராதிகளைப் புரட்டிப் பார்த்தவர். நோபேட்டின் கையெழுத்துப் படியில் நாலு பக்கம் வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"வாத்தியார், கிரேக்கம் எண்டு போட்டிருக்கீங்க. எந்தக் கிரேக்கம்?"

"கிரேக்கம்தான் போடியார்."

"அது ஒண்டா? மூவாயிரம் வருசத்துப் பாஷையெல்லா? எந்தக் காலத்துக் கிரேக்கம் எண்டு குறி போடாம அச்சடிச்சா, இஞ்ச படிச்சவன் ஒருத்தனும் இல்லயெண்டு சிரிப்பானுகள். பதினஞ்சு நாள் தாறன்."

இங்கே கொஞ்சம் கட்டுரை எழுதவேண்டியிருக்கிறது; பொறுத்துக்கொள்ளுங்கள். கிரேக்கத்தை ஐந்தாகப் பிரிக்கலாம். ஊர்கள் தனித்தனி நாடாக இருந்து தனித்தனியாகப் பேசியது பழைய கிரேக்கம். பேரரசு பரந்து, சந்தையிலும் துறைமுகத்திலும் எல்லோரும் பேசியது பொதுக் கிரேக்கம். புதிய ஏற்பாடு அதில்தான் எழுதப்பட்டது. அது முதிர்ந்தது பின் கிரேக்கம். அதற்குப் பிறகு இடைக்காலக் கிரேக்கம். இன்றைக்கு அந்த ஊரில் மீன் விற்கிறவன் பேசுவது இக்காலக் கிரேக்கம். எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்குகிறது என்று கேட்டால், அறிஞர்கள் வயல் வட்டைக்குள் வரம்புச் சண்டை பிடிக்கிறவர்களைவிட மோசமாகப் பிடிப்பார்கள்.

நோபேட் வாத்தியாருக்கு இந்த ஐந்தில் ஒன்றுதான் தெரியும். பொதுக் கிரேக்கம். முப்பது வருடமாக அதையே முழுக் கிரேக்கம் என்று நினைத்து நிமிர்ந்து நடந்தவர், அன்றைக்குப் பழுகாமத்திலிருந்து தோணியில் குனிந்துகொண்டு திரும்பினார்.

5

பதினான்காம் நாள் பின்னேரம் டின்கள் மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று புத்தியில் வெளித்தது. சைவர்கள் இங்கே ஆதியிலிருந்து இருக்கிறவர்கள். ஆகவே அவர்களுடைய டின் பழைய கிரேக்கம். கிறிஸ்தவர்களுடையது ஏற்பாட்டுக் காலம். ஆகவே பொதுக் கிரேக்கம். முஸ்லிம்கள் எல்லோருக்கும் பிந்தி வந்தவர்கள். ஆகவே பின் கிரேக்கம். ஐந்து குறியில் மூன்று நிரம்பிவிட்டது. விளக்கு வைக்கும் முன் இருநூற்றுப் பன்னிரண்டு சீட்டுக்கும் குறி போட்டு முடித்துவிட்டார். மற்ற ஊர்களில் அறிஞர்கள் ஆயுள் முழுக்க முக்கித் திணறுகிற வேலை!

[நீங்கள் சிரிக்கிறீர்கள். மட்டக்களப்புக்காரன் சிரிக்கமாட்டான். சைவன், வேதக்காரன், சோனகன் என்று வரிசையாக ஊர்களையே அடுக்கி வைத்திருக்கிற கரையில் பிறந்தவனுக்கு, கிரேக்கமும் அப்படித்தான் அடுக்கியிருக்கும் என்று தோன்றுவது இயல்பு.]

போடியார் வாசித்தார். நாள் நேரம் பார்க்கிற "ஓரை" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் "பழ. கி." என்று கண்டதும் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா! எங்கட சொல்தான் ஆகப் பழசு."

அன்றைக்கே ஒன்றரைப் பக்க முன்னுரை எழுதிக் கொடுத்தார். அதில் நோபேட் வாத்தியாரைக் கிழக்கிலங்கையின் பேரறிஞர் என்று இரண்டு இடத்தில் சொல்லியிருந்தார்.

6

அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர் முகைதீன்பாவா. காத்தான்குடிக்காரர். நாற்பத்தைந்து வயது, எழுத்தைத் தலைகீழாக வாசிப்பதில் ஊரில் அவருக்கு நிகரில்லை.*

* அகராதிக்குக் "கி." என்ற எழுத்து அவ்வளவு வேண்டியிருந்ததால், அந்த இரண்டு மாதமும் நகரத்தில் அச்சான கலியாணக் கடிதம் ஒன்றிலும் கிழமை இல்லை. தேதி மட்டும்தான். கலியாணத்துக்குப் பிந்தி வந்தவர்கள் இதைக் காரணம் காட்டினார்கள்.

வாத்தியார் புரூப் பார்க்கப் போனபோது, பாவா கோத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"வாத்தியார், ஒரு சந்தேகம்."

"என்ன பாவா, எழுத்து விளங்கல்லயா?"

"எழுத்து விளங்குது. நீங்கதான் விளங்கல்ல. எங்கட சொல் அம்புட்டுக்கும் ஒரே குறி போட்டிருக்கீங்க. கோயில் பக்கத்துச் சொல் அம்புட்டும் பழசு. உங்கட ஆக்கள்ட சொல்லெல்லாம் நடுவில. கிரேக்கன் ஆள் பாத்தா சொல்லுக் குடுத்தான்?"

"உன்ர ஆக்கள் பிந்தி வந்தவங்கதானே பாவா. அதுதான்."

"நாங்க பிந்தி வந்திருப்பம். கொண்டு வந்த சாமான் பிந்திச் செஞ்சதெண்டு ஆர் சொன்ன? என்ர மருமகன் எங்கட ஊட்ட வந்து ஒரு வருசம். அதுக்காக அவனுக்கு ஒரு வயசா? தலையில நரை இரிக்கி வாத்தியார் அவனுக்கு!"

பொறியில் தாள் போடுகிறவர்கள் சிரித்தார்கள். வாத்தியாருக்குச் சுட்டது.

"நீ எழுத்தைக் கோ பாவா. எது எந்தக் காலமெண்டு நான் பாக்கிறன்."

"பாருங்க, பாருங்க. ஆனா இந்தக் 'கலம்' இரிக்கே, நாங்க எழுதுறதுக்குப் புடிக்கிறது, இதுக்கு மட்டும் உங்கட பெரிய புத்தகத்தை ஒருக்காத் திறந்து பாத்துப்போட்டு வாங்க. மறுகா நீங்க சொன்னபடி கோக்கிறன். அதுவரைக்கும் இந்தப் பக்கத்தை இரும்புச் சட்டத்தில வச்சுப் பூட்டமாட்டன்."

7

வாத்தியார் வேகமாக வீட்டுக்கு நடந்தார். பாவா சொன்னது பிழை என்று காட்டுவதற்காகத்தான் அகராதியைத் திறந்தார். கறையான் விட்டுவைத்த பக்கங்களில் அந்தச் சொல் இருந்தது. நாணல், நாணலைச் சீவிச் செய்த எழுதுகோல். பழைய கிரேக்கத்திலேயே இருந்தது. அங்கிருந்து அரபுக்குப் போய், அரபிலிருந்து காத்தான்குடிக்கு வந்திருக்கிறது. வந்தது பிந்தி. புறப்பட்டது முந்தி.

ஓரையைப் பார்த்தார். பழைய கிரேக்கத்தில் அதற்குப் பருவம் என்று பொருள். நாளைத் துண்டு துண்டாக வெட்டி, துண்டுக்கு ஒரு கிரகத்தைக் காவல் வைத்தவர்கள் பொதுக் கிரேக்கம் பேசிய காலத்துச் சோதிடர்கள். எங்களிடம் வந்தது அந்தப் பொருள்தான். அப்படியென்றால் போடியாரின் சொல் பாவாவின் சொல்லுக்கு இளையது.

பாவாவின் ஆட்கள் சாத்தானுக்குச் சொல்கிற இபுலீசைப் பார்த்தார். பழைய கிரேக்கத்தில் அவன் வெறும் கோள்மூட்டி. ஏற்பாட்டுக் கிரேக்கத்தில்தான் அவனுக்குப் பேய்ப் பதவி கிடைத்தது. பறங்கித் தச்சர் சுத்தியல் கையில் படும்போது கத்துகிற "தியாபு" இருக்கிறதே, அதுவும் போர்த்துக்கீசத்தின் வழியாக வந்த அதே சொல்தான். ஒரே பேய் இரண்டு டின்னில் ஒன்றையொன்று தெரியாமல் மூன்று வருடம் கிடந்திருக்கிறது.

மூன்று டின்னையும் நடு வீட்டில் கொட்டினார்.

"இஞ்சேருங்க, இதென்ன கூத்து?" என்றாள் திரேசம்மா. "கால் வைக்க எடமில்ல."

"எல்லாம் பிழைச்சுப் போச்சு திரேசா. டின்னைப் பாத்துக் குறி போட்டுட்டன்."

அவள் குனிந்து இரண்டு சீட்டை எடுத்துப் பார்த்தாள்.

"அப்ப சொல்லைப் பாக்கல்ல. சொன்ன வாயைப் பாத்திருக்கீங்க."

[இந்த வரி எனக்குச் சொந்தமில்லை. என் மனைவி கைப்பிரதியை வாசித்துவிட்டுச் சொன்னது. திரேசம்மாவை முதலில் நான் வெறுமனே தேத்தண்ணி கொண்டுவரத்தான் விட்டிருந்தேன். "அவ்வளவு கெட்டிக்காரனோட முப்பது வருசம் இருந்தவளுக்கு ஒரு புத்தியும் வராமலா போகும்?" என்று என் மனைவி கேட்டாள். பேசவிட்டேன். விட்டது நல்லதாய்ப் போயிற்று.]

திரேசம்மா ஐந்து சட்டியைக் கழுவித் துடைத்து வரிசையாக வைத்தாள். அவர் சீட்டை வாசித்து, அகராதியில் தேடி, காலத்தைச் சொல்ல, அவள் சட்டியில் போட்டாள். எட்டு நாள் பிடித்தது. எட்டு நாளும் அந்த வீட்டில் கறி ஒன்றுதான். மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சட்டி.

கடைசியில் பத்தொன்பது சீட்டு எந்தச் சட்டிக்கும் போகாமல் நிலத்தில் கிடந்தன. கிரேக்கம் என்பது நிச்சயம். எந்தக் காலம் என்பது தெரியவில்லை.

"பழசு எண்டு போட்டாப் போடியார் சந்தோசப்படுவார்" என்றார் வாத்தியார். அவள் என்ன சொல்லுவாள் என்று பார்க்கத்தான் சொன்னார்.

"போடுங்க. உங்களுக்கு நித்திரை வருமெண்டாப் போடுங்க."

அவர் பென்சிலை எடுத்து, பத்தொன்பதிலும் "தெரி." என்று எழுதினார். தெரியவில்லை என்பதன் சுருக்கம். முப்பது வருடத்தில் முதல் தடவையாகத் தனக்குத் தெரியாது என்று கிரேக்கத்தைப் பற்றி எழுதியவருக்கு, கை நடுங்கும் என்று நினைத்திருந்தேன். நடுங்கவைத்தும் பார்த்தேன். பொருந்தவில்லை. அடித்துவிட்டேன். கை நடுங்கவில்லை.

8

புதிய குறிகளைக் கோத்து முடித்த அன்று காலை, முகைதீன்பாவா அவற்றைத் தலைகீழாக ஒருதரம், நேராக ஒருதரம் வாசித்தார்.

"எங்கடதில பன்ரெண்டு பழசுக்குப் போயிரிக்கி. மத்ததெல்லாம்?"

"பொதுவிலயும் பின்னிலயும். ஏழு தெரியாது."

"அது நியாயம்" என்றார் பாவா. பெரிய சந்தோஷம் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தைப் பூட்டும்போது ஆப்புகளை ஒன்றுக்கு இரண்டு தடவை தட்டினார்.

குறிகள் மாறிய செய்தி அதற்குள் பழுகாமத்துக்குப் போய்விட்டது. பாவா மை உருளையைக் கையில் எடுக்கும் நேரத்தில், கனகசிங்கம் போடியார் படி ஏறி வந்தார். சால்வை தோளில் இல்லை, கையில் சுருட்டியிருந்தது. கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம்.

"வாத்தியார், எங்கட ஓரையை ஏன் கீழ இறக்கின?"

"நான் இறக்கல்ல போடியார். அது நிண்ட எடத்தில நிக்கிது. முதல்ல நான்தான் பிழையான எடத்தில ஏத்தி வச்ச."

"நான் முன்னுரையில எழுதியிட்டன். ஆகப் பழைய சொல் எங்கட எண்டு."

"ஓம். அது பிழை. என்னாலதான் வந்த பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்க."

"ஆரு சொல்லித் திருத்தின?"

வாத்தியார் பாவாவைப் பார்த்தார். பாவா உருளையைப் பார்த்தார்.

"பாவா சொன்னார்" என்றார் வாத்தியார். "நான் கேட்டன். முதல் பக்கத்தில அவர்ர பேரும் இரிக்கி."

பாவா சட்டென்று நிமிர்ந்தார். அந்தப் பக்கத்தை வாத்தியார் வேறொருவரைக் கொண்டு கோப்பித்திருந்தார்.

போடியார் புரூப் தாளை வாங்கிப் புரட்டினார். ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இதென்ன, தெரி.?"

"எந்தக் காலமெண்டு எனக்குத் தெரியாது."

"அகராதி எழுதினவன் தனக்குத் தெரியாதெண்டு அச்சடிக்கிறதா? ஊரையே வெக்கப்படுத்தப் போறீங்களா வாத்தியார்? இதுக்கு என்ர முன்னுரை வேணுமா?"

எட்டு நாளாக ஒரே கறியைத் தின்ற மனிதருக்கு எங்கிருந்தோ குரல் வந்தது.

"என்னட்ட இருக்கிற அகராதியை முப்பது வருசமாப் புரட்டுறன் போடியார். அதில ஓரிடத்திலயாவது தெரியாதெண்டு இல்ல. அவ்வளவு பெரிய புத்தகம் எழுதினவனுக்குத் தெரியாத ஒண்டும் இல்லாமலா இருந்திருக்கும்? சொல்லப் பயந்திட்டான். எங்கட புத்தகத்தில தெரிஞ்சது நூத்தித் தொண்ணூத்தி மூண்டு தெரிஞ்சதெண்டு இரிக்கி. தெரியாதது பத்தொம்பது தெரியாதெண்டு இரிக்கி. இதைச் சென்னைக்குக் கொண்டு போங்க, சீமைக்குக் கொண்டு போங்க, எங்க வேணுமெண்டாலும் விரிச்சு வைங்க. நான் பக்கத்தில வந்து நிப்பன். முதல்ல செஞ்ச புத்தகத்தோட நிண்டிருக்கமாட்டன்."

பிறகு பாவாவின் பக்கம் திரும்பினார்.

"போடியார்ர முன்னுரை இருந்தாலும் இல்லாட்டியும், பாவா, நீங்க மையைப் போடுங்க. சபை போடாட்டி வேற வழி பாப்பம்."

அதுவரைக்கும் பாவாவை "நீ" என்றே சொல்லிவந்தவர், அன்றைக்கு "நீங்க" என்றார். சொன்னவர் கவனிக்கவில்லை. பாவா கவனித்தார்.

9

இப்போது முடிவு. இரண்டு எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் முடிவில் போடியார் தன் முன்னுரையைக் குறுக்கே அடித்துவிட்டுப் போகிறார். புத்தகம் முன்னுரை இல்லாமல் வெளிவருகிறது. இதை என் நண்பர் ஒருவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் பழுகாமம். "எங்கட ஆக்கள் அவ்வளவு சின்ன மனசுக்காரரா?" என்று கேட்டுவிட்டு மூன்று நாள் பேசவில்லை.

இரண்டாவது முடிவில் போடியார் கண் கலங்கி, ஓரையைப் பற்றிய வரியைத் தானே திருத்தி, பேரறிஞர் என்பதை மூன்றாவது இடத்திலும் சேர்க்கிறார். இதை வாசித்துக் காட்டியபோது என் மனைவி எழும்பிப் போய்விட்டாள்.

கொழும்புக்காரருக்கு எதை அனுப்புவது? அவர் கேட்டது மட்டக்களப்பில் அகராதி விளையுமா என்று. விளைந்ததைக் காட்டியாயிற்று. அதற்குப் போடியார் சாட்சிக் கையெழுத்து வைத்தாரா இல்லையா என்பதை நான் சொல்லமாட்டேன். இவ்வளவு நேரமும் பொய் சொன்னவனுக்கு ஓரிடத்திலாவது வாயை மூடத் தெரியவேண்டும்.

ஆனால் அச்சகத்தில் நின்றபடியே எல்லோரையும் விட்டுவிட்டுப் போவதும் சரியில்லை. கண்டது வரைக்கும் சொல்கிறேன்.

போடியார் தாள் கட்டின் மேல் உட்கார்ந்தார். முன்னுரையின் புரூப்பை முழங்காலில் விரித்தார். "பென்சில் தாங்க" என்றார். யாரோ கொடுத்தார்கள். முனையை நாக்கில் நனைத்தார். அதே நேரம் முகைதீன்பாவா எழுத்துகளின் மேல் மை உருட்டி, தாளை வைத்து, பிடியை இழுத்தார். நோபேட் வாத்தியார் முதல் தாளை இரண்டு மூலையிலும் பிடித்துத் தூக்கி, சன்னலுக்கு நேரே கொண்டுபோய், குறிகளை ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினார். பழ. கி. பொது. கி. தெரி. பழ. கி. முதுகு நேராக இருந்தது.

அவருக்குப் பின்னால் பென்சில் தாளில் ஓடுகிற சத்தம் கேட்கிறது. அடிக்கிற கோடா, எழுதுகிற எழுத்தா என்று வாத்தியார் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு அது தேவைப்படவில்லை.

உங்களுக்குத் தேவையென்றால், போடியாரின் தோளுக்கு மேலால் நீங்களே எட்டிப் பாருங்கள்.